அச்சில் வராத வரி

ஜூன் 12, புதன்

இன்று நான் கேட்காமல் விட்டது: "அந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மதியம் ஆய்வு அறையில் நானும் பெர்னாவும் மட்டும் இருந்தோம். எலுமிச்சை சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டே, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "என்ன சுடர், உன் பல்லக்கு எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கு?"

"ஏதோ போகுதுக்கா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

பெர்னா என்கிற ஆரோக்கிய பெர்னதெத் எனக்கு ஒரு வருடம் சீனியர். பேச்சில் அக்கா, நீங்க. இங்கே பெர்னா போதும்.

பல்லக்கு என்பது, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான என் கணிதக் கோட்டுருவுக்கு நான் வைத்த பெயர். நடுவில் ஒரு சதுரம், இரு பக்கமும் நீண்ட கழி, கழியின் முனைகளில் தூக்கிகள் மாதிரி இரண்டிரண்டு புள்ளிகள். புள்ளிகளைத் தெருமுனைகள் என்று வைத்துக்கொண்டால், எல்லா முனையிலும் வெளிச்சம் விழ, குறைந்தது எத்தனை முனையில் விளக்கு வைக்க வேண்டும்? அந்தக் குறைந்த எண்ணிக்கையை ஆதிக்க எண் என்பார்கள். அதற்கு ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் எனக்குச் சொந்தமாக இருப்பது இது ஒன்றுதான். ஒரு கட்டுரையாவது வெளியாகாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. வேறொருவர் பெயரில் இது முந்தி வந்துவிட்டால், பிறகு நான் எழுதுவது காப்பி.

அந்தப் பெயர் இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று என் நீல நோட்டு. இன்னொன்று, மே கடைசியில் நகலெடுத்து என் வழிகாட்டி ரத்தினவேல் சாரிடம் கொடுத்த பதினோரு பக்கங்கள். சாரிடம் இருப்பது பத்திரம். ஆகவே நோட்டு.

ஜூன் 14, வெள்ளி

சார் அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வுக் குழுக் கூட்டம் ஜூலை பன்னிரண்டாம் தேதி. என் வேலையைப் பற்றி முப்பது பக்க அறிக்கை தர வேண்டும்.

"ரிப்போர்ட் லேடெக்லதான் இருக்கணும்மா. கமலவேணி மேடம் புதுக்கோட்டையிலருந்து வர்றாங்க. வேர்டுல அடிச்ச ஈக்வேஷனைப் பார்த்தா, சாதத்துல கல்லு கடிச்ச மாதிரி மூஞ்சி வெப்பாங்க. பெர்னாகிட்ட குடுத்துடு. அவ அடிச்சுடுவா."

"நானே கத்துக்கிறேன் சார்."

"நானேன்னா?" பேனாவை மூடினார். "நாலு வாரம்தான் இருக்கு. சரி, கத்துக்கிறது நல்லதுதான்."

சார் எல்லாவற்றையும் கையால் எழுதுவார். பெர்னா கணினியில் ஏற்றுவாள். அவள் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்னொருவர் எழுத்தை அடிக்கும்போது எத்தனை பேருக்குத் தன்னுடையது, பிறருடையது என்ற வித்தியாசம் மறந்துபோகும் என்று யோசித்தேன்.

"கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடும்" என்று இரண்டு பேராசிரியர்கள் என்னை மறுத்தபோது, "ஆனா ஆகட்டும், வந்து சேரு" என்றவர் சார். என்னைத் துறையில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆசிரியரும் அவர்தான். மற்றவர்களுக்கு நான் "ரத்தினவேல் ஸ்டூடண்ட்".

ஜூன் 16, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். மாடிக் கொடியில் கிளிப் மூன்று குறைகிறது. மிச்சமிருந்த ஒன்பதிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

பிறகு, கணிதக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கை நிறுவினேன். விடுதியின் இணையத்தில் இறங்கி முடிக்க நான்கரை மணி நேரம். அது இறங்கும்வரை நூலகத்திலிருந்து எடுத்த துப்பறியும் நாவலை முடித்தேன். கொலையாளி யார் என்று இந்த முறையும் தவறாகத்தான் ஊகித்தேன்.

முதல் ஆவணம். இது எழுதுவது மாதிரி இல்லை, சமையல்காரருக்குச் சீட்டெழுதுவது மாதிரி. இது தலைப்பு, இது பத்தி, இது சமன்பாடு என்று சொல்லிவிட வேண்டும். எங்கே எந்த அளவில் வைப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். முதல் வரியில் ஆவணம் எந்த வகை என்று அறிவிக்க வேண்டும். ஒரு பின்சாய்கோடு போட்டு ஆவணம் ஆரம்பம் என்று எழுத வேண்டும். முடிவு என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். நடுவில் என் பெயரை மட்டும் அடித்து ஓட்டினேன்.

ஒரு முழு வெள்ளைப் பக்கம் வந்தது. மேல் ஓரத்தில் ச. சுடர்விழி. கீழே நடுவில், நான் கேட்காமலே, 1 என்ற பக்க எண்.

சிரிக்காமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா, ஆதார் நகல் அனுப்பினாயா. பெர்னாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கு எப்பவும் யாராவது ஒருத்தி வேணும் சந்தேகப்பட" என்பாள்.

ஜூன் 18, செவ்வாய்

நோட்டு மேசையில் தலைகீழாக இருந்தது. நான் அப்படி வைப்பதில்லை. துப்புரவு செய்யும் செல்வி அக்கா, மேசை துடைக்கும்போது எல்லாவற்றையும் தூக்கி வைப்பேன் என்கிறார். சொல்லட்டும்.

ஜூன் 20, வியாழன்

நோட்டின் நாற்பதாம் பக்கத்தில் ஒரு பச்சை நூல் வைத்திருக்கிறேன். யாராவது திறந்தால் விழும்.

பெர்னா இன்று என் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டே, "நோட்ல தேதி போடுவியா நீ?" என்றாள்.

"சில சமயம்."

"எல்லாப் பக்கத்துலயும் போடு. கையெழுத்தும் போட்டு வை. எங்கப்பா பேங்க்ல கேஷியர், எதை வாங்கினாலும் குடுத்தாலும் தேதி போடுவாரு. காய்கறிச் சீட்டுல கூட."

"சரிக்கா."

"சரின்னா போட மாட்ட. உன் மூஞ்சியே சொல்லுது."

எந்தப் பக்கம் எப்போது எழுதினேன் என்பதில் அவளுக்கு என்ன அக்கறை? எது புதிது, எது இன்னும் யாருக்கும் காட்டாதது என்று தெரிந்துகொள்ளத்தான் இருக்க வேண்டும். தேதி போடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நூல் இல்லை.

ஜூன் 24, திங்கள்

நோட்டை இனி பையிலேயே வைத்துக்கொள்கிறேன். சாப்பிடப் போனாலும் பை. கைகழுவப் போனாலும் பை. "உள்ள தங்கக் கட்டியா?" என்று பெர்னா கேட்டாள்.

மூன்றாம் அத்தியாயம் வரை ஏற்றிவிட்டேன். கையேட்டைப் படித்தும் தவறு செய்தும் தெரிந்துகொண்டவை:

அது பிழை என்று காட்டும் வரியில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. 212ஆம் வரி என்று கத்துகிறது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. 190இல் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பேன். இன்று இரண்டு மணி நேரம் ஒரு குற்றமற்ற வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

"தேற்றம் 2.3இன்படி" என்று எழுதினால் முதல் தடவை ஓட்டும்போது 2.3 வராது, ?? என்று இரண்டு கேள்விக்குறி வரும். இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். தன்னை ஒருமுறை முழுக்க வாசித்த பிறகுதான் தனக்குள் எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது. மனிதர்களுக்கும் இந்த வசதி இருந்தால் தேவலை.

ஒரு வரியின் தொடக்கத்தில் % போட்டால் அந்த வரி அச்சில் வராது. கோப்பில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. எழுதுபவர் தனக்கு எழுதிக்கொள்ளும் குறிப்புகளுக்காம். எனக்கு மிகவும் பிடித்த குறி.

ஜூன் 28, வெள்ளி

பெர்னா ஒரு பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கோவில் பிரசாதம் கொடுப்பது மாதிரி.

"ஒரு ஃபைல் இருக்கு. சார் பேப்பர் ஒண்ணு, நான் அடிச்சது. தேற்றம், நிரூபணம், கடைசியில வர்ற ரெஃபரன்ஸ் லிஸ்ட், எல்லாத்துக்கும் செட்டிங் அதுலயே இருக்கு. உன்னுதுல அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம்."

"நானே பார்த்துக்கிறேங்க்கா."

"பார்த்துக்கோ. ஆனா இதையும் திற. பிடிஎஃப் ஆக்கிப் பார்க்காத, ஃபைலையே பாரு. மேலேருந்து கீழ வரைக்கும்."

"எதுக்கு?"

எங்கள் துறை ஹரிப்பிரியா மேடம் வாசலைக் கடந்து போனார். பெர்னா உடனே, "எதுக்குன்னா, அறிவு வளரத்தான்டீ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பென் டிரைவில் என்ன வருமோ. திறந்தவுடன் என் கோப்புகளையெல்லாம் நகலெடுத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கலாம். அப்படி நடக்கும் என்று வாசித்திருக்கிறேன். அலமாரியில், குளிர்கால ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 2, செவ்வாய்

நான்கு அத்தியாயங்களையும் அச்செடுத்துச் சாரிடம் கொடுத்தேன். நான்காவதுதான் பல்லக்கு. நின்றுகொண்டே புரட்டினார். நான்காவதில் நின்றார். படம் அழகாக வந்திருந்தது, அதற்கு மட்டும் ஒரு நாள் ஆனது.

"உக்காரும்மா சுடர்விழி. இது பிரமாதமா வந்திருக்கு. ஆனா கமிட்டிக்கு இவ்வளவு வேணாம். மூணு அத்தியாயம் போதும். நாலாவதை எடுத்துடு."

"ஏன் சார்? அதுதானே..."

"அதனாலதான் சொல்றேன். வெளியாளுங்க ரெண்டு பேர் வர்றாங்க. கையில ஆளுக்கொரு காப்பி போகும். அது எங்க போகும், யாரு பார்ப்பாங்கன்னு சொல்ல முடியுமா? இந்த ஃபீல்டுல நம்பிக் குடுத்தவங்க கதையெல்லாம் உனக்குத் தெரியாது. கண்ணு படும்மா. நம்ம டிபார்ட்மென்டுலயே யாருகிட்டயும் பேசாத."

அந்த நிமிடம் பெர்னாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "பெர்னா அக்காகிட்ட கூடவா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அவகிட்டயும்தான்."

அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. என்னை நோகடிக்க வேண்டாம் என்று நேராகச் சொல்லவில்லை.

மாலையில் நான்காம் அத்தியாயத்தை அழிக்க உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு % போட்டேன். 163 வரிகள். ஓட்டினேன். அறிக்கை மூன்று அத்தியாயத்தில் ஒழுங்காக முடிந்தது, நான்காவது என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது போல.

ஜூலை 5, வெள்ளி

மெஸ்ஸில் மறுபடியும் கோதுமை உப்புமா. ஒன்பது கிளிப்பும் இருக்கின்றன.

ஜூலை 9, செவ்வாய்

ரெஃபரன்ஸ் பட்டியல் வரவில்லை. கட்டுரையில் எங்கெல்லாம் எண் வர வேண்டுமோ அங்கெல்லாம் [?]. இரண்டு முறை, மூன்று முறை, ஆறு முறை ஓட்டினேன். அதே கேள்விக்குறிகள். கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்.

ஸ்வெட்டருக்கு அடியிலிருந்து பென் டிரைவை எடுத்தேன். என் மடிக்கணினியில் செருகவில்லை. நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினி ஒன்றில் செருகினேன்.

பார்த்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒரு கோப்பு. மேலே வகை, எழுத்தளவு, நான் தேடிய பட்டியல் அமைப்பு. பிறகு தலைப்பு: பல்லக்குக் கோட்டுருக்களில் ஆதிக்க எண். ஆங்கிலத்தில்தான். என் சொல்லை மொழிபெயர்த்திருந்தார்கள்.

அதன் கீழே ஆசிரியர்கள். க. ரத்தினவேல். அதற்கடுத்த வரி:

% ச. சுடர்விழி

அதற்கடுத்த வரியில் அ. ஆரோக்கிய பெர்னதெத்.

அதன் கீழே, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில்: % சுடர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொன்னார் சார். ஜூன் 9.

கீழே போனேன். என் துணைத்தேற்றம், அதாவது லெம்மா. என் நிரூபணம், நான் "ஆகையால்" என்று தொடங்கிய அதே இடத்தில் "ஆகையால்" என்று தொடங்கியது. நடுவில் இன்னொரு % வரி: சுடர் குடுத்த பேப்பர்ல பக்கம் 7. இதுக்கு எப்படி ரெஃபரன்ஸ் குடுக்கணும் சார்?

அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

பக்கம் 7. என் நீல நோட்டில் இது பக்கம் 52லிருந்து 55 வரை இருக்கிறது. நகலெடுத்த பதினோரு பக்கங்களில்தான் ஏழு. பதினோரு பக்கங்களைப் பற்றி ஜூன் 12 அன்று எழுதியதை இப்போது திரும்ப வாசித்தேன்.

பட்டியல் அமைப்பை நகலெடுத்துக்கொண்டேன். என் அறிக்கையில் எண்கள் வந்துவிட்டன.

ஜூலை 10, புதன்

புதன்கிழமை மாலை பெர்னா சகாய மாதா கோவிலில் நவநாள் பிரார்த்தனைக்குப் போவாள். கோவிலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றேன். துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"பார்த்தாச்சா? கையில குடுத்து பன்னெண்டு நாள் ஆச்சு. தாயே, உனக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தா கூட முன்னாடி வந்திருக்கும்."

"நீ ஏன் வாயைத் திறந்து சொல்லலை?"

முதல்முறையாக 'நீ' என்றேன். அவளும் கவனித்தாள்.

"எப்படிச் சொல்றது? பல்லக்கு எந்தத் தெருன்னு கேட்டேன். நிமிர்ந்து, 'உனக்கு எப்படித் தெரியும்'னு ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தா அன்னிக்கே கொட்டியிருப்பேன். டிபன் பாக்ஸை மூடிட்டுப் போனே. தேதி போடுன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. இதுக்கு மேல மைக் செட்டா வெக்கணும்?"

"அதுல உன் பேர் இருக்கே."

"இருக்கு."

"வேணாம்னு சொன்னியா?"

செருப்பை மாட்டக் குனிந்தாள். "இல்ல. சொல்லலை. நாலு வருஷமாச்சு சுடர். பதினாலு பேப்பர் அடிச்சிருக்கேன் அவருக்கு. ஒரு மூலையில நன்றின்னு கூட என் பேர் வந்ததில்ல. உன் பேரை நானாத்தான் போட்டேன். அவரு பார்த்துட்டு, அதை எடு, உன்னுதைப் போட்டுக்கோன்னாரு. போட்டேன். பிரின்ட் எடுத்து வீட்ல காட்டினேன். அம்மா அதை லேமினேட் பண்ணித் தரச் சொன்னாங்க."

"பண்ணிக் குடுத்தியா?"

"பண்ணலை." பிறகு, "எடுன்னுதான் சொன்னாரு. அழின்னு சொல்லலை. அதனால ஒரு பர்சன்ட் போட்டு வெச்சேன். எனக்கு இருக்கிற தைரியம் அவ்வளவுதான்."

பிரார்த்தனை முடிந்து மிச்சக் கூட்டமும் வெளியே வந்தது. எங்களை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னும் அனுப்பலை" என்றாள், குரலைத் தாழ்த்தி. "பதினஞ்சாம் தேதி ஜர்னலுக்கு அனுப்பணும்னு சொல்லியிருக்காரு. உன் கமிட்டி முடிஞ்சப்புறம். கமிட்டி ரிப்போர்ட் ஆபீஸ்ல ஃபைல் ஆகும், மூணு பேரும் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுவாங்க, அது தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

"என்னை மட்டும் இழுத்துடாத. தீசிஸுக்கு முன்னாடி குடுக்கிற சினாப்சிஸ் எழுதி முடிச்சிட்டேன், அவரு கையெழுத்துதான் பாக்கி. எனக்கு வேற யாரும் இல்ல."

"இழுக்க மாட்டேன்."

"என்னைத்தானே நினைச்சுட்டு இருந்த?" சிரித்தாள். "அந்தப் பச்சை நூலு கீழே விழுந்து கிடந்துது. புடவைல இருந்து உதிர்ந்துதாக்கும்னு செல்வி அக்கா கூட்டித் தள்ளிட்டாங்க. நீ அதைத் தேடினதைப் பார்த்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது பேருந்தில் ஏறியபின் தோன்றியது.

ஜூலை 11, வியாழன்

காலையில் துணி துவைக்கவில்லை.

சாரிடம் நேராகப் போய்க் கேட்பதுதான் நேர்மை என்று காலை முழுக்க யோசித்தேன். என்ன சொல்வார் என்பதும் தெரியும். முதல் கட்டுரைக்கு உன் பெயரை யாரும் மதிக்க மாட்டார்கள், அடுத்ததில் போடலாம், உன் நன்மைக்குத்தான். அவர் சொன்னால் நான் தலையாட்டுவேன். இரண்டு பேர் மறுத்தபோது சேர்த்துக்கொண்டவர் என்ற ஒன்று இருக்கிறதே, அது என் கழுத்தில் இருக்கிறது. அவர் கையில் அதன் மறுமுனை.

நான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன். 163 குறிகளையும் ஒரே சொடுக்கில் எடுக்க வழி இருக்கிறதாம். ஒவ்வொன்றாகவே எடுத்தேன். ஓட்டினேன், ?? வந்தது. மறுபடி ஓட்டினேன். பொருளடக்கத்தில் நான்காம் அத்தியாயம், பக்கம் 27.

பல்கலைக்கழக மாதிரிப்படி முன்பக்கத்தில் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும்: இவ்வறிக்கையில் உள்ளவை அனைத்தும் மாணவி தாமே செய்தவை. கீழே வழிகாட்டியின் கையெழுத்துக்கு ஒரு கோடு. அது முதலிலிருந்தே கோப்பில் இருந்தது. எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஐந்து பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டேன். கடைக்காரர், "கவர் என்ன கலர்மா?" என்றார். அதை மட்டும் முடிவெடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஜூலை 12, வெள்ளி

பதினொன்றரைக்குத் தொடங்கியது. கமலவேணி மேடம், மதுரையிலிருந்து வந்த ஜெயபால் சார், ரத்தினவேல் சார். பிரதிகளை அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் கொடுத்தேன்.

மூன்று அத்தியாயங்களைப் பேசி முடிக்கும்வரை சார் தன் பிரதியைத் திறக்கவில்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றை எதற்குத் திறப்பது. "நான்காம் அத்தியாயம், பல்லக்குக் கோட்டுரு" என்று நான் சொன்னபோது, மேசைமேல் இருந்த அவர் விரல்கள் நின்றன. பிறகு பக்கத்தைத் தேடினார். 27.

ஜெயபால் சார் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "தூக்கறவங்க இல்லாம பல்லக்கு நிக்காது, அப்படித்தானே? அதுதான் உன் லெம்மா." ஆமாம் என்றேன். சாக்பீஸால் நிரூபணத்தைப் பலகையில் எழுதினேன். கழி கொஞ்சம் வளைந்தது. கமலவேணி மேடம் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டார். இரண்டுக்கும் பதில் இருந்தது.

"சார், இதைச் சீக்கிரம் இந்தப் பொண்ணு பேர்ல எங்கயாவது அனுப்பச் சொல்லுங்க" என்றார் மேடம்.

"ஆமா, ஆமா" என்றார் சார்.

கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கையெழுத்து, தேதி. கடைசியில் சான்றிதழ்ப் பக்கத்துக்குச் சார் திரும்பி வந்தார். பேனாவைக் கோட்டின் மேல் வைத்து, அந்த வரியை முதல்முறை வாசிப்பவர் போல வாசித்தார். ஜெயபால் சாருக்கு ஒன்றரை மணிக்கு வண்டி. "போடுங்க சார், ரயில் நிக்காது" என்றார். சார் போட்டார்.

எல்லாரும் எழுந்தபோது மேடம் என் பிரதியைப் புரட்டி, "முதல் டாக்குமெண்ட்னு சொன்னே. ரெஃபரன்ஸ் எல்லாம் இவ்வளவு நீட்டா எப்படி வந்துச்சு? எங்க பசங்க ஒரு வருஷம் திணறுவாங்க" என்றார்.

"பெர்னா அக்கா ஒரு ஃபைல் குடுத்தாங்க மேடம். அதைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன்."

அவளுக்கும் ஓர் இடத்தில் பெயர் வரட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நான்கு வருடமாக யாரும் சொல்லாத நன்றி. வேறு எதையும் நினைக்கவில்லை.

சார் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். "எந்த ஃபைல்?" என்றார், மெதுவாக.

மேடம் என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

பிறகு வராந்தாவில் சாரும் நானும் மட்டும். "நாலாவதை எடுத்துடச் சொன்னேனேம்மா."

"எடுத்தேன் சார். திரும்ப வெச்சேன்."

தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவைத் திறந்து வைத்தபடி, "பெர்னதெத்தை வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

நான் போய்ச் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

ரத்தினவேல் சார் அந்தக் கட்டுரையை அனுப்பவில்லை. வழிகாட்டியை மாற்றிக்கொள்ள ஆகஸ்டில் விண்ணப்பித்தேன். ஆட்சேபம் இல்லை என்று டிசம்பரில் கையெழுத்திட்டார். இப்போது கமலவேணி மேடம் என் வழிகாட்டி. சனிக்கிழமைகளில் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறேன். பல்லக்குக் கட்டுரை இன்று ஏற்கப்பட்டது. ஒரே பெயர். பெர்னாவின் சினாப்சிஸில் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.